ஓட்டை விழுந்த இலை

தணிகாசலத்துக்குத் தோல்வி என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் தெரியாது. மாதவரத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். மற்ற பட்டறைக்காரர்கள் கைவிரித்த வண்டியைக்கூட எப்படியாவது கிளப்பி, டிரைவர் கையில் சாவியைக் கொடுத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு மீன்தொட்டி படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது.

தொட்டியை அவர் தனக்காக வாங்கவில்லை. மகள் வெண்ணிலாவுக்காக வாங்கினார். சின்னப் பெண்ணாக இருந்தபோது, செடி வைத்த மீன்தொட்டி வேண்டும் என்று அவள் அழுது அடம் பிடித்தாள். அப்போது வாங்கித் தரவில்லை. இப்போது வாங்கியதற்குக் காரணம் வேறு.

போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில், வெண்ணிலா படிப்பைப் பாதியில் விட்டதைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். "இவளுக்குச் செலவு பண்ணினதுக்கு ரெண்டு எருமை வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்றார் தணிகாசலம். பந்தியே சிரித்தது. வெண்ணிலா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அன்றிலிருந்து அப்பாவிடம் பேச்சு இல்லை. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான்.

பிறகு அவளே ஒரு வேலை தேடிக்கொண்டாள். கோயம்புத்தூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில். அதற்குள் தொட்டி பச்சைப்பசேலென்று ஆகிவிட வேண்டும், மகளின் மனசும் ஆறிவிட வேண்டும் என்று தணிகாசலம் தலைகீழாக நின்று பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. வெண்ணிலா தொட்டியைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போவாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

சனிக்கிழமை மாலைகளில் தணிகாசலம் கொளத்தூருக்குப் போவார். அங்கே ஒரு வண்ணமீன் கடையின் மாடியில் மெய்யம்மை என்பவர் மௌனமாக உட்காரக் கற்றுத் தருகிறார். வயதில் தணிகாசலத்துக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் எல்லோரையும் போல இவரும் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த அறையிலும் ஒரு தொட்டி உண்டு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அகல இலைச் செடிகள். பார்த்தால் கண் குளிர்ந்துபோகும். தணிகாசலம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதாகப் பேர். ஒரு கண் அந்தத் தொட்டியின் மேலேயே இருக்கும். என் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று வயிறு எரியும்.

வெண்ணிலா கிளம்புவதற்கு முந்தைய நாள், மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் போகவில்லை.

"அம்மா, என் தொட்டியில செடி சாகுது."

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

"விளக்கைக் கூட்டினேன். கண்ணாடி முழுக்கப் பாசி பிடிச்சுது. விளக்கைக் குறைச்சேன். உரம் போட்டேன். பத்தலையோன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன். தண்ணி கலங்கிடுச்சு. தண்ணியை மாத்தினேன்."

"எல்லாம் ஒரே மாசத்துலயா?"

"ஒரே வாரத்துலம்மா."

மெய்யம்மை சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"இப்ப என்ன செய்றீங்க?"

"கடைக்காரர் சொன்ன அளவுக்கு விளக்கு, சொன்ன அளவுக்கு உரம். அதுக்கு மேல கை வைக்கலை. சத்தியமா வைக்கலை. ஆனா ஓட்டை மட்டும் மூட மாட்டேங்குது."

கைபேசியை எடுத்து நீட்டினார். தினமும் காலையில் ஒரே இலையைப் படம் பிடித்து வைத்திருந்தார். மஞ்சளடித்த இலை. நடுவே ஊசியால் குத்திய மாதிரி ஓட்டைகள். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"இது போன வாரம். இது இன்னைக்கு. துளிகூட மாறலை. ரேடியேட்டர்ல ஓட்டைன்னா பத்தவச்சு அடைச்சுடுவேன். இதை என்னம்மா பண்றது?"

மெய்யம்மை படத்தின் ஓரத்தில் விரல் வைத்தார்.

"இது என்ன?"

"எது?"

"மேல, மூலையில. பாதிதான் விழுந்திருக்கு."

"ஓ, அதுவா? அது புதுசா விட்ட இலை. அதுல ஒண்ணும் கோளாறு இல்லை, நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றது இதை."

மெய்யம்மை படத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு எழுந்து தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வாங்க. கையை உள்ளே விடுங்க. அடி வரைக்கும்."

தணிகாசலம் விட்டார். மீன்கள் பதறி விலகின.

"மேல இருக்கிற இலைங்களை ஒதுக்கிட்டுப் பாருங்க."

ஒதுக்கினார். குனிந்து பார்த்தார். மணலை ஒட்டிப் பழைய இலைகள் கிடந்தன. மஞ்சளும் பழுப்புமாக, ஒன்று விடாமல் ஓட்டை. அவர் வீட்டு இலைகளே தேவலை என்றிருந்தது.

"என்னம்மா இது! உங்க தொட்டியிலயா?"

"மழைக்காலத்துல ஊருக்குப் போயிட்டேன். கவனிக்க ஆள் இல்லை. அப்ப விழுந்தது."

"இன்னுமா மூடலை?"

"மூடாது. செடிக்கு ஓட்டையை அடைக்கத் தெரியாது."

இத்தனை நாளும் இதைப் பார்த்தா வயிறெரிந்தோம் என்று தணிகாசலத்துக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் அவர் விடுகிற ஆள் இல்லை.

"சரி, ஆறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போன உடனே அத்தனையையும் வெட்டி எறிஞ்சுடறேன்."

"அழுகினதை எடுத்துடுங்க. மத்ததை விட்டுவைங்க."

"எதுக்கும்மா? பார்க்கவே சகிக்கலையே."

"புது இலைக்கு வேண்டியதைச் செடி அதுல இருந்தும் எடுத்துக்குது."

தணிகாசலம் கையை வெளியே எடுத்தார். மெய்யம்மை ஒரு துண்டைக் கொடுத்தார். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. செடியைப் பற்றிக் கேட்க மட்டும் அவர் இன்று வரவில்லை.

"அப்ப வெண்ணிலா? அவளுக்கும் ஆறவே ஆறாதா?"

எருமைக் கதை மெய்யம்மைக்குப் புதிதல்ல. வாரம் தவறாமல் கேட்டதுதான்.

"அவங்ககிட்ட நீங்க என்ன சொல்றீங்க?"

"மன்னிச்சுடும்மான்னு சொல்றேன். தினமும் சொல்றேன். பட்டறையில இருந்து போன் பண்ணினாக்கூட முதல்ல அதைத்தான் சொல்றேன். 'சரிப்பா'ங்கறா. அந்தச் சரியில சரியே இல்லைம்மா, எனக்குத் தெரியாதா? நான் விட மாட்டேன். நாளைக்கு ரயில் ஏறுறதுக்குள்ள 'மறந்துட்டேன்பா'ன்னு அவ வாயால மனசார ஒரு வார்த்தை வாங்காம விட மாட்டேன்."

"இன்னைக்கு அவங்களா வந்து உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா?"

"அவளா எங்கே பேசறா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

தணிகாசலம் யோசித்தார்.

"பேசினான்னு சொல்ல முடியாது. மத்தியானம் வந்து நின்னா. 'பெட்டிக்குச் சக்கரம் கழண்டுபோச்சு, கொஞ்சம் பாக்கறியாப்பா'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெட்டி கிடக்கட்டும்மா, அப்பாவை மன்னிச்சுட்டியா இல்லையா, முதல்ல அதைச் சொல்லுன்னேன்."

"அதுக்கு?"

"பெட்டியை இழுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா. கதவைச் சாத்திக்கிட்டா."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது தணிகாசலத்தின் காதில் விழுந்தது. மெல்ல நிமிர்ந்து மெய்யம்மையைப் பார்த்தார்.

"பெட்டி இப்ப எங்கே?" என்று கேட்டார் மெய்யம்மை.

"வீட்டுல. அவ ரூம்ல."

"அப்புறம் நீங்க இங்கே என்ன பண்றீங்க?"