நடந்தால் அப்பம்

ஆற்றுக்கு யாரும் பேர் வைக்காத காலம் அது, கேளுங்கள். அந்த ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த வீடு. வீட்டுக்குள் முண்டன் என்று ஒரு பூதம். பனைமர உயரம், பானை வயிறு, மூக்கு நுனியில் கோபம். குருவி கத்தினால்கூட மரத்தையே பிடுங்கி எறியும், அப்படியொரு சிடுமூஞ்சி!

வெள்ளத்தில் குடிசையைப் பறிகொடுத்த பூங்காவனமும் அவள் புருஷன் மாசிலாவும், கைக்குழந்தையோடு மாட்டு வண்டியில் அங்கே வந்து சேர்ந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. அன்றைக்கே பூதம் வாசலில் நின்று உறுமியது.

"இது என் வீடு. பிள்ளை அழுவுது. காலி பண்ணுங்க."

மாசிலா வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினான். பூங்காவனம் கும்பிட்டுச் சொன்னாள்:

"போயிடுறோம் அண்ணா. பிள்ளைக்குக் குப்புற விழுற பருவம். விழுந்தா கொழுக்கட்டை செஞ்சு பங்கிடுறது எங்க வழக்கம். அதைத் தின்னுட்டு விரட்டுங்களேன்."

பூதத்துக்கு எச்சில் ஊறியது. "அதுவரைக்கும்தான்" என்றது.

குழந்தை தையல்நாயகி புரண்டு புரண்டு, ஒருநாள் தொப்பென்று குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கிப் பூதத்தைப் பார்த்துச் சிரித்தாள். பூதத்துக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. பசிதான் என்று கொழுக்கட்டையை விழுங்கியது. அப்புறமும் செய்தது.

"கிளம்புங்க" என்றது, கொஞ்சம் மெதுவாக.

"பிள்ளை வாசப்படி தாண்டினா பாயசம், அண்ணா."

அதற்கப்புறம் பூதம் வேறு வேலை பார்க்கவில்லை. வாசலிலேயே குத்தவைத்துவிட்டது. ஒருநாள் குழந்தை தவழ்ந்து வந்து வாசற்படியில் மாட்டிக்கொண்டு முக்கினாள். பூதமும் சேர்ந்து முக்கியது! அவள் தாண்டியதும் அது குதித்த குதியில் கூரை ஓடு சரிந்தது. பாயசம் ஆறிப்போனதைக்கூட அது கவனிக்கவில்லை.

"நடந்தா அப்பம், அண்ணா."

பூதம் மறுபடி வாசலில் போய்க் குத்தவைத்தது.

தையல்நாயகி ஒருநாள் சுவரைப் பிடித்து எழுந்து, கையை விட்டு நின்றாள். ஓர் அடி. ஓர் ஆட்டம். இன்னோர் அடி. நேரே வந்து பூதத்தின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அம்மாடி, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! மரம் பிடுங்குகிற பூதம் மூச்சுவிடப் பயந்து நின்றது. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"நடந்துட்டா! நம்ம பொண்ணு நடந்துட்டா!" என்றது பூதம்.

பூங்காவனம் அப்பம் சுட்டு வைத்தாள். சொன்ன சொல் தவறாதவள் அவள், மூட்டையையும் கட்டினாள். மாசிலா வண்டி பூட்டினான். பூதம் அப்பத்தைத் தொடவே இல்லை.

"அடுத்து என்ன செய்வா?" என்று கேட்டது.

"பேசுவா."

"எப்போ?"

"போற ஊர்ல, என்னைக்காவது ஒருநாள்."

பூதம் எழுந்து போய் மாட்டை அவிழ்த்துவிட்டது. மூட்டைகளைத் தூக்கி உள்ளே வைத்தது. பிறகு, தான் மட்டும் வெளியே வந்து புளியமரத்தடியில் துண்டை விரித்தது.

"வீடு அவளுக்கு இருக்கட்டும். பேசினா என்னை எழுப்பு, தங்கச்சி" என்றது.

நாளைய பிள்ளைகள் வளர்வதைக் கண்டு பூரிக்கத் தெரிந்தவன், அவர்களுக்குத் தன் இடத்தையே கொடுத்தாலும் எதையும் இழப்பதில்லை.