பட்டுச்சேலை கட்டிப்போன வலி

டாக்டர் மகுடேசுவரன் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கை மூடிவிட்டு, மலையடிவார மடத்துக்கு வந்து சாமியாரின் முன் தரையில் உட்காருவார். ஒரு ஞாயிறு ஒரு சந்தேகம் கேட்டார்.

"சாமி, உடம்புல ஒண்ணுமே இல்லாம வலிக்குது, வலிக்குதுன்னு வர்றவங்கள எப்படிங்க குணப்படுத்தறது?"

"ஒண்ணுமில்லைன்னு எப்படித் தெரியும்?"

"ரிப்போர்ட் சுத்தமா இருக்குதுங்க. மனசுதான் காரணம். தியானம் பண்ணச் சொல்லி ஒரு அம்மாவ இங்கதான் அனுப்பியிருக்கேன்."

"அவங்க வரட்டும். பதில் அப்புறம் சொல்றேன்" என்றார் சாமியார்.

இரண்டு நாள் கழித்து தெய்வானை வந்தாள். கூடவே அவள் கணவன் குழந்தைவேல், தறி ஓட்டுகிறவர். டாக்டரின் சீட்டில் தியானம் என்ற ஒரே வார்த்தை இருந்தது. குழந்தைவேல் அதை முதலில் மருந்துக் கடையில் நீட்டியிருக்கிறார். இந்தச் சரக்கு மடத்தில்தான் கிடைக்கும் என்று கடைக்காரர் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என்ன செய்கிறது என்று சாமியார் கேட்டார். காலையில் விரல் மடங்குவதில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். தலை சீவக் கை தூக்க முடியவில்லை. பல வருடங்களாகக் குழந்தைவேல்தான் பின்னிவிடுகிறார். பின்னல் கோணலாகத்தான் இருந்தது. போன மாதம் கஞ்சி வடிக்கும்போது பானை நழுவிக் காலில் கொட்டியது. டாக்டர் புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார். கையைப் பார்க்கவில்லை.

"டாக்டர்கிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?"

குழந்தைவேலுக்குக் குரல் உயர்ந்தது. "நாங்க சொல்றதுக்குள்ள இவ காரியத்தக் கெடுத்துருவாளுங்க சாமி. பட்டுச்சேலை கட்டி, பூ வெச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வருவா. எப்படி இருக்கறீங்கன்னு அவரு கேட்டா, நல்லா இருக்கறனுங்க, நீங்க நல்லா இருக்கறீங்களாங்கறா. அத்தோட வைத்தியம் முடிஞ்சுதுங்க."

"பெரிய மனுசர் கேட்டா வேற என்னங்க சொல்றது?" என்றாள் தெய்வானை.

கடைசித் தடவை மகள் கண்டித்துப் பழைய சேலையில் அனுப்பினாளாம். உடையில்கூட அக்கறை போய்விட்டது, இது மனச்சோர்வுதான் என்று டாக்டர் முடிவுகட்டியது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார் சாமியார். வந்தவர்களைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

அன்று டாக்டர் வந்தபோது சாமியார் பாயில் படுத்திருந்தார்.

"எப்படி இருக்கீங்க சாமி?"

"நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா?"

டாக்டர் பதறிப்போனார். எவ்வளவு வலித்தாலும் உங்களைப் போன்றவர்கள் இதைத்தான் சொல்வீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்தார். விடாமல் கேட்டார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, காலையில் விரல் மடங்குவதில்லை, சாயங்காலம் காய்ச்சல், தலை சீவக் கை தூக்க முடியவில்லை என்றார்.

மொட்டைத் தலையோடு சொன்னார். டாக்டர் அதையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் என்ன செய்வது என்று சாமியார் கேட்டார்.

"ரிப்போர்ட்ட விடுங்க சாமி. எல்லா நோவும் முதல் ரிப்போர்ட்லயே தெரியாது. திரும்பத் திரும்பப் பார்க்கணும். இது மூட்டுக்குள்ள இருக்கிற வியாதி. விட்டா விரல் கோணிப்போயிரும். நாளைக்குக் காலைல பெரிய டாக்டர்கிட்ட நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"சரி, காலையில வந்துரு" என்ற சாமியார் எழுந்து உட்கார்ந்து தூணின் பக்கம் திரும்பினார். "அம்மா, நாளைக்குக் கார் வருது. எந்தச் சேலை வேணாலும் கட்டிக்குங்க."

தெய்வானை எழுந்து வந்து, வழக்கம்போல டாக்டரைப் பார்த்து, நல்லா இருக்கறீங்களா என்று கேட்டாள்.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். கடைசியில்தான் சாமியாரின் தலையைப் பார்த்தார்.

"சாமி, நீங்க பொய் சொல்லலாமுங்களா?"

"ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வலி இந்த அம்மாவோடது. காவி மட்டும்தான் என்னோடது."