பூண்டுத்தோல் மருந்து

பாறைப்புதூரில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் நாச்சிமுத்து, இரண்டாமவன் செங்கோடன், இளையவன் பொங்கியண்ணன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கத்தரித் தோட்டம். மூளையும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

அந்த வருஷம் காயெல்லாம் புழு. சந்தையில் ஒருத்தரும் கையால்கூடத் தொடவில்லை. அடுத்த பறிப்பும் போனால் அடுப்பு எரியாது. வேளாண்மை அலுவலர் தமிழ்க்கொடியிடம் போய் அழாத குறையாக நின்றார்கள்.

"கடை மருந்தெல்லாம் வேண்டாம். சமையல்ல வீணாப் போற பூண்டுத்தோல், வெங்காயத்தோலைப் புளிச்ச மோர்ல ஊறப்போடுங்க. நல்லா நாத்தம் வந்ததும் வடிகட்டித் தெளிங்க" என்றார் அவர்.

வீட்டில் தேடினால் ஒரு தோல்கூட இல்லை. உடனே ஒரு மூட்டைப் பூண்டு வாங்கிவந்து நகம் தேயத் தேய உரித்தார்கள்.

"பூண்டை என்னண்ணா பண்றது?" என்றான் பொங்கியண்ணன்.

"ஆபீசரம்மா தோலைத்தானே கேட்டாங்க? பூண்டு குப்பைடா" என்றான் நாச்சிமுத்து.

பூண்டு குப்பைமேட்டுக்குப் போனது. தோல் பத்திரமாகப் பானைக்குள் இறங்கியது.

சில நாளில் நாற்றம் வந்தது. தெருவே கதவைச் சாத்தியது. எதிர்வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"வந்துருச்சுண்ணா" என்றான் செங்கோடன்.

"எனக்கு வரலையே" என்றான் பொங்கியண்ணன். அவனுக்குச் சளி.

நாச்சிமுத்து யோசித்தான். "தோட்டம் மூணு பேருக்கும் பொது. ரெண்டு பேருக்கு மட்டும் வந்தா அது எப்படி வந்ததாகும்?"

சளி விடும்வரை காத்திருந்தார்கள். விட்ட அன்று பொங்கியண்ணன் பானைப் பக்கம் மூச்சை இழுத்தான். அப்படியே மயங்கி விழுந்தான்.

"இப்பத்தான் முறைப்படி வந்திருக்குது" என்று அண்ணன்மார் சந்தோஷப்பட்டார்கள்.

செங்கோடன் சோறு வடித்துப் பழகியவன். நீரையெல்லாம் வேலியோரம் கொட்டிவிட்டுச் சக்கையைப் பக்குவமாக எடுத்துவைத்தான். சக்கையைத் தெளிக்க முடியுமா? பிள்ளையார் பிடிப்பதுபோல உருண்டை பிடித்துச் செடிக்கு ஒன்றாக வைத்தார்கள். வேலியோரக் களைகளுக்கு அன்றோடு பூச்சித் தொல்லை ஒழிந்தது.

நாச்சிமுத்து போன் போட்டான். "மருந்து வெச்சாச்சுங்கம்மா."

"ரொம்ப நல்லது. இனிமேல் புழு தலைகாட்டாது. நாளைக்குக் காலைல நானே வந்து பார்க்கிறேன்."

மூவரும் காய் காயாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் வால் மட்டும் தெரிந்தது.

"தலையைக் காட்டலை! மருந்து பிடிச்சிருச்சு!" என்று குதித்தான் செங்கோடன்.

"வாலைக் காட்டுதேண்ணா?" என்றான் பொங்கியண்ணன்.

"வாலைப் பத்தி அம்மா ஒண்ணும் சொல்லலையே" என்றான் நாச்சிமுத்து.

அந்த நேரம் பார்த்து ஒரு புழு நிதானமாகத் திரும்பி வெளியே எட்டிப் பார்த்தது. நாச்சிமுத்து பாய்ந்து அதன் தலையைச் சுண்டுவிரலால் உள்ளே தள்ளினான். "அம்மா வர்ற நேரத்துல மானத்தை வாங்காதே!"

காலையில் தமிழ்க்கொடி வந்தார். மூவரும் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார்கள், ஒரு விரலுக்கு ஒரு காய் வீதம்.

"என்னங்க இது?"

"மெதுவாப் பேசுங்கம்மா, மருந்து வேலை செஞ்சுட்டு இருக்குது" என்றான் நாச்சிமுத்து, தலையைத் தூக்காமலே. "கடைசி வரிசைக்குத்தான் விரல் பத்தலைங்க. நீங்களும் கொஞ்சம் கை குடுங்க."