வேலை செய்யாத பிள்ளைகள்

செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர மரகதவல்லி ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தாள். ஒரு மாதமாகியும் ஒரு பிள்ளைகூட வரவில்லை. சூளை முதலாளி நல்லசிவத்திடம் போய்க் கேட்டாள்.

"வேலை செய்யாத பிள்ளை யாராவது இருந்தா தாராளமா கூட்டிட்டுப் போம்மா," என்று அவர் சிரித்தார். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைகூட வெயிலில் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

மறுவாரம் தொழிலாளர் துறை அதிகாரி சோதனைக்கு வந்தார். மரகதவல்லியும் பின்னாலேயே போய் நின்றாள்.

"இங்க ஒரு பிள்ளையும் வேலை செய்யறதில்லை சார். சும்மா விளையாடுதுங்க," என்றார் நல்லசிவம்.

மரகதவல்லி கைகூப்பினாள். "ரொம்ப நன்றிங்க ஐயா. வேலை செய்யாத பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகச் சொன்னீங்களே. அப்ப எல்லாரையுமே கூட்டிட்டுப் போறேன்."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். மறுத்தால் பொய் வெளியே வந்துவிடும்.

"போகட்டும்," என்றார் நல்லசிவம், பல்லைக் கடித்துக்கொண்டு.

பத்தொன்பது பிள்ளைகள் அவள் பின்னால் நடந்தார்கள். விடியுமுன்னே எழுந்து மண் மிதித்த பிள்ளைகள். அவள் 'அ' எழுதிக் காட்டி முடிப்பதற்குள் பதினாறு பேர் சிலேட்டை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனார்கள்.

சாயங்காலம் வரை மரகதவல்லி யாரையும் எழுப்பவில்லை.