முன்னால் விட்ட இடம்

நடப்பதற்குக்கூட ஒரு குருவா என்று ஊர் முழுக்கக் கேலி பேசியவர் சென்றாயன். கடைசியில் அந்தக் குருவிடமே போய் நின்றார்.

முப்பத்தாறு வருஷம் மலையில் தபால் கொடுத்தவர் அவர். காலில் சக்கரம் கட்டிய மனிதர் என்று பெயர். குரு அவரைவிட இருபது வயது இளையவர், பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் அமலோற்பவம். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, காப்பித் தோட்டங்கள் வழியாகக் கோயில் மேடு வரை நடத்திப் போவார்.

அந்தக் குழுவுக்குச் சட்டம் ஒன்றுதான். யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவர் முதலில் போக வேண்டும். யாரும் அவரை முந்தக் கூடாது.

நான்கு வருஷமாக முதலில் போனவள் சென்றாயனின் மனைவி பாவாயி. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு நாளாவது நட என்று டாக்டர் சொன்னார். புருஷனோடு நடந்தால் மூச்சு போய்விடும் என்று குழுவில் சேர்ந்தாள். ஆவணியில் இறந்துபோனாள்.

கார்த்திகையில் ஒருநாள் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த சென்றாயனிடம், குழுவில் நடக்கும் தையல்கடை மாதப்பன் சொன்னார்.

"போன வாரம் அக்கா நல்லா நடந்தாங்க."

"எந்த அக்கா?"

"நம்ம பாவாயிக்காதான்."

விளையாட்டுக்குச் சொன்ன முகமாக இல்லை. சென்றாயன் தக்காளியைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே ஏரிக்கரையில் இருந்தார்.

"என் பொண்டாட்டி வர்றாளாமே?"

அமலோற்பவம் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நடக்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?"

"அவகிட்ட ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"அப்ப நடங்க."

எல்லோரும் வரிசையாக நின்றார்கள். முன்னால் நான்கடி இடம் விட்டு அதற்குப் பின்னால்தான் முதல் ஆள் நின்றார். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அமலோற்பவம் தலையசைத்தார். வரிசை நகர்ந்தது.

கல்யாண ஊர்வலம்கூட இதைவிட வேகமாகப் போகும். சென்றாயன் கடைசி ஆளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். இரண்டாவது வளைவில் யாரும் சொல்லாமலே வரிசை மொத்தமும் நின்றது. கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலே கிளம்பியது.

"ஏன் நின்னீங்க?" என்று மாதப்பனிடம் கேட்டார்.

"மேடு இல்லீங்களா? அக்காவுக்கு மூச்சு வாங்குது."

சென்றாயன் வரிசையை விட்டு ஒதுங்கினார். எட்டிப் பார்த்தார். செம்மண் பாதையும் சில்வர் ஓக் மரங்களும்தான் இருந்தன.

மூன்று வாரம் இப்படியே போனது.

"எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் தெரியல?"

"நடக்கறப்ப எதைப் பாக்கறீங்க?" என்றார் அமலோற்பவம்.

"கோயில் மேட்டைத்தான். வேற எதைப் பாக்கறது?"

நான்காவது வாரம் அவரை வெற்றிடத்துக்குப் பின்னால் முதல் ஆளாக நிறுத்தினார் டீச்சர். பத்து எட்டுக்குள் சென்றாயனின் கால் அந்த இடத்துக்குள் போய்விட்டது. கிணற்றுப் படியில் வைத்ததுபோல உள்ளங்கால் குளிர்ந்தது. பின்னால் விசில் கேட்டது.

"அவங்க காலை மிதிக்கறீங்க ஐயா."

அன்று விசில் ஊதி ஊதி டீச்சருக்கே தொண்டை வறண்டிருக்கும். சென்றாயன் கால்களைத் திட்டினார், கெஞ்சினார். அவை ஒரு வாழ்நாள் பழக்கத்தை விடுவதாக இல்லை.

கோயில் மேட்டில் மற்றவர்கள் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது டீச்சரிடம் வந்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்குக் காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. எட்டே கால் பஸ்ஸைப் புடிச்சா கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். பஸ்ஸை நிறுத்தி வெக்கலாம்னு நான் முன்னால போனேன். பின்னால இருந்து என்னமோ சொன்னா. காதுல விழுந்துச்சு, ஆனா என்னன்னு புடிபடல. நான் நிக்கல. பஸ்ஸை நிறுத்திட்டுப் பாக்கறேன், ஆளைக் காணோம். திரும்பி ஓடினேன். பாலத்துக் கட்டையில சாஞ்சு உக்காந்திருந்தா. முடிஞ்சிருச்சு."

அமலோற்பவம் கையிலிருந்த பொரியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னான்னு மட்டும் தெரியணும் டீச்சர். அது தெரியாம எனக்குச் சாவு வராது."

"அடுத்த வாரம் பனி கெட்டியா இருக்கும்" என்றார் டீச்சர். "ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க."

பனி கெட்டியாகத்தான் இருந்தது. ஏரி இருந்த இடமே தெரியவில்லை. கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அன்றும் சென்றாயன்தான் முதல் ஆள்; பின்னால் வருபவர்களின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு முன்னாலும் கேட்டது.

ஒரு செருப்பு தரையில் இழுபடும் சத்தம். நடுநடுவே மூச்சு, அதன் நுனியில் மெல்லிய சீழ்க்கை. சென்றாயனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்தன, வாழ்க்கையில் முதல் தடவையாக. அன்று விசில் கேட்கவில்லை.

பனிக்குள் ஒரு முதுகு தெரிந்தது.

காப்பிப்பொடி நிற ஸ்வெட்டர். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இடது கை இடுப்பில். ஈரமான சேலைக்கரை கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மாதப்பன் "அக்கா" என்று முணுமுணுத்தது கேட்டது. வரிசையில் எல்லோருக்கும் அந்த முதுகைத் தெரிந்திருந்தது. நான்கு வருஷம் அதைப் பார்த்தே நடந்தவர்கள்.

சென்றாயனுக்கு அடையாளம் தெரியவில்லை.

மலையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறக்கிற முகத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கோயில், சந்தை, கல்யாண வீடு, எங்கே போனாலும் நாற்பத்தோரு வருஷமாக இந்த முதுகு அவருக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது.

"டீச்சர்" என்றார். "அது அவதானா?"

"உங்களுக்குத் தெரியலையா?"

"முகம்னா சொல்லிருவேன். முதுகு தெரியாதுங்க எனக்கு."

முதுகு நின்றது. மூச்சு வாங்கியது. வரிசையும் நின்றது.

"கூப்பிட்டா திரும்புவாளா?"

"கூப்பிட்டுப் பாருங்க."

"பாவாயி" என்றார். பனியில் அவர் குரல் அவருக்கே யாருடையதோபோலக் கேட்டது.

முதுகு திரும்பவில்லை. கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. செருப்பை இழுத்துக்கொண்டு கிளம்பியது.

சென்றாயன் உடைந்துபோனார். வயசான மனிதர், பத்துப் பேர் நடுவில், மூக்கை உறிஞ்சி அழுதார்.

"டீச்சர், ரெண்டே எட்டு. முந்திப் போயி முகத்தைப் பாத்துர்றேன். அந்த ஒண்ணை மட்டும் கேட்டுக்கறேன். உங்க சட்டத்தை இன்னிக்கு மட்டும் விட்டுக் குடுங்க."

அமலோற்பவம் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போங்க ஐயா. நாங்க யாரும் தடுக்கல."

சென்றாயன் காலைத் தூக்கினார்.

"ஆனா முந்திட்டீங்கன்னா, அவங்க மறுபடியும் உங்களுக்குப் பின்னால ஆயிருவாங்க."

தூக்கிய காலை, தூக்கிய இடத்திலேயே வைத்தார் சென்றாயன். கோயில் மேடு வரை அந்த முதுகுக்குப் பின்னாலேயே நடந்தார்; அவளிடம் எதுவும் கேட்கவில்லை.