போய் வருகிறோம் என்றவர்களுக்கு இலை போட்ட கதை

முன்னொரு காலத்தில் மேழிநாடு என்றொரு நாட்டைக் கோதண்டராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் சாப்பாடு சரியில்லை என்றால் நாடே சரியில்லை என்பார். அந்த வருஷம் ஒரு மாதமாகவே சாப்பாடு சரியில்லை. ஊரில் உப்பு இல்லை.

கடலோரத்திலிருந்து உப்பு வண்டிகள் வர ஒரே வழி கரடிக் கணவாய். பக்கத்து நாடான வடகுன்றத்தின் தளபதி பராங்குசன், தொள்ளாயிரம் வீரர்களோடு வந்து அதில் உட்கார்ந்துகொண்டான். அவனை விரட்ட மேழிநாட்டில் படை போதாது.

உப்பில்லாத ரசத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ராஜா தம் அயல்நாட்டு மந்திரி பெருந்தேவியை அழைத்தார்.

"முத்தங்கரையில் நாலு நாட்டுப் பாதுகாப்புச் சபை கூடுகிறது. பராங்குசனும் வருகிறான். நீர் போய்க் கணவாயைத் திறந்துவிட்டு வாரும்."

பெருந்தேவி தலையாட்டினாள். அவளுக்குப் பேச்சு குறைவு. பத்து வருஷமாக அவள் பதவிமேல் கண் வைத்திருந்த திம்மராசர் என்ற மந்திரி எழுந்தார்.

"மகாராஜா, இவர் பேசினால் பக்கத்து ஆசனத்துக்கே கேட்காதே. காரியம் கெட்டுப்போனால்?"

"கெட்டுப்போனால் என்ன செய்யலாம்?"

"முத்திரை மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடட்டும்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா. பசியில் அவருக்கு எல்லாமே நல்ல யோசனைதான்.

பெருந்தேவி புறப்பட்டாள். தூது போகிறவள் என்பதால் கணவாயில் அவள் பல்லக்கை விட்டுவிட்டார்கள். திரையை விலக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் நாற்பது உப்பு வண்டிகள் தூறலில் கரைந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் வீரர்கள் பாறைமேல் உட்கார்ந்து வெறும் அவலை மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மென்றதை விழுங்க மனமில்லாமல் வானத்தைப் பார்த்தான்.

முத்தங்கரைச் சபையில் மூன்று நாள் வாதம் நடந்தது. மற்ற நாடுகளும் நெருக்கவே, நாலாம் நாள் பராங்குசன் இறங்கிவந்தான். ஓலையில் எழுதி உரக்கப் படித்தான்: "வருகிற பௌர்ணமியன்று எங்கள் படை கணவாயை விட்டுப் போய் வரும்."

சபை பெருமூச்சு விட்டது. பெருந்தேவி மட்டும் கையை உயர்த்தினாள்.

"போகும் என்றால் போதுமே. 'வரும்' எதற்கு?"

பராங்குசன் சிரித்தான். "என்ன அம்மா இது? நல்ல நாளும் அதுவுமாக யாராவது 'போகிறேன்' என்று சொல்வார்களா? அபசகுனம் இல்லையா? உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?"

சபை முழுக்க ஆமாம் போட்டது. முத்தங்கரை அரசர்கூடத் தலையாட்டினார். பௌர்ணமிக்குப் போகிறவன் பிரதமைக்கே திரும்பலாம். ஓலையும் அதைத்தான் சொல்லும். பெருந்தேவிக்கு விரலில் மோதிரம் இறுகியது.

மறுபடியும் கையை உயர்த்தினாள்.

"தளபதி சொல்வது சரி. 'வரும்' இருக்கட்டும். சொல்லிவிட்டு வருகிறவர்கள் விருந்தாளிகள். எந்த நாள், எத்தனை பேர் என்று எழுதிவிடுங்கள். இலை போட வேண்டும்."

சபையில் சிரிப்பு கிளம்பியது. பராங்குசன் விழித்தான். மாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"தொள்ளாயிரம் பேர். பௌர்ணமிக்கு மறுநாள்" என்று முனகினான்.

"விருந்துக்கு யாரும் வாளோடு வரமாட்டார்கள்தானே?"

"வரமாட்டார்கள்."

"அதையும் எழுதுங்கள். இன்னொன்று. எங்கள் ஊரில் உப்பு இல்லை. உப்பில்லாமல் உங்களுக்குப் பரிமாறினால் எங்கள் ராஜாவுக்குத் தலைகுனிவு. அந்த நாற்பது வண்டியை இன்றைக்கே விட்டுவிடுங்கள்."

இந்த முறை முத்தங்கரை அரசரே வாய்விட்டுச் சிரித்தார். ஓலையில் முத்திரை விழுந்தது.

பெருந்தேவி ஊர் திரும்பியதும் திம்மராசர் ஓலையைப் பிடுங்கிப் படித்தார். "கேட்டீர்களா மகாராஜா? எதிரிப் படைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்திருக்கிறார். மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்."

ராஜாவின் மீசை துடித்தது. "என்ன காரியம் செய்தீர்?"

"மகாராஜா, இன்றைக்கு ரசம் எப்படி இருந்தது?"

ராஜா நாக்கைச் சப்புக்கொட்டினார். மீசை அடங்கியது. "நன்றாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது. அட, உப்பு எப்படி வந்தது?"

"கணவாய் வழியாகத்தான். அதே உப்பைத்தான் அவர்களுக்கும் போடப்போகிறோம். நம் உப்பைத் தின்ற கை நம்மேல் ஓங்குமா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மூச்சு வாங்கியதும் திம்மராசர் பக்கம் திரும்பினார். "விருந்தில் முதலில் இலையில் வைப்பது உப்பு. அந்தப் பெரிய பொறுப்பு உம்முடையது. தொள்ளாயிரம் இலைக்கும் நீரே வையும்."

சொன்ன நாளில் வடகுன்றத்து வீரர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். திம்மராசர் தொள்ளாயிரம் தடவை குனிந்து நிமிர்ந்தார். அவலை மென்று அலுத்த வாய்கள் சாம்பாரை இரண்டு முறை, பாயசத்தை மூன்று முறை கேட்டன. பராங்குசன் பெருந்தேவியிடம் வந்து கைகூப்பினான். "அம்மா, இனி இந்தப் பக்கம் வாளை நீட்டச் சொன்னால் என் ஆட்களே என்னைத் திட்டுவார்கள்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பெருந்தேவிக்குப் போட்டார். மோதிரம் அவள் விரலிலேயே இருந்தது.

வாசலில் தொள்ளாயிரம் குரல்கள் ஒன்றாகச் சொன்னன: "போய் வருகிறோம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்திருந்த திம்மராசர் முனகினார்: "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'போகிறோம்' என்று சொன்னால்தான் என்ன?"