நிலாவுக்குப் புறப்பட்ட பல்லக்கு

மேலக்கோட்டை ராஜாவுக்கு நிலாவுக்குப் போக ஆசை வந்துவிட்டது. "பூமிதான் நம்மைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. என் மந்திரம் அந்த இழுப்பை நிறுத்திவிடும். பிறகு பல்லக்கிலேயே போகலாம்" என்றார் அரண்மனை வித்தகர் சித்தநாதர்.

பல்லக்குத் தூக்கும் சடையனும் கூட்டாளிகளும் ராஜாவைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க மலையுச்சிக்கு ஏறினார்கள். சித்தநாதர் விபூதியை ஊதி, "இழுப்பு நின்றது! விளிம்பைத் தாண்டி நடங்கள்!" என்று கத்தினார். எதிரே கிடுகிடு பள்ளம்.

"நடடா!" என்றார் ராஜா.

சடையன் அசையவில்லை. "நடக்கிறோம் மகாராஜா. ஆனா, இழுப்பு நின்ன பிறகும் என் தோள்ல நீங்க அதே கனம் கனக்குறீங்களே?"

"அது உன் உடம்புச் சோம்பல்!" என்று சீறினார் சித்தநாதர்.

"இருக்கும் சாமி. நீங்க சுறுசுறுப்பானவர், முன்னால ஓர் எட்டு வையுங்க. பின்னாலேயே வர்றோம்."

சித்தநாதர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வந்த வழியே ஓட்டம் பிடித்தார்.

ராஜாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "என் உயிரைக் காப்பாற்றினாய். என்ன வேண்டும், கேள்."

"கீழ வரைக்கும் நடந்து வந்தாப் போதும் மகாராஜா."

பாதி மலையிலேயே ராஜா ஒரு பாறைமேல் சரிந்தார். "இந்தப் பூமி இப்படியா இழுக்கும்?"

"தினமும் இப்படித்தான் மகாராஜா" என்றான் சடையன், காலிப் பல்லக்கில் அலுப்போடு சாய்ந்தபடி.